சாக்கடையைப் பார்க்காத கார்

ஆட்டோ பார்க்கிங் உள்ள வேரியன்ட்டை எடுக்கலாமா, அதற்குக் கீழே உள்ளதே போதுமா? கார் வாங்கப் போகிறவர்கள் இப்போது திண்டுக்கல்லிலும் இதைக் கேட்கிறார்கள். சில வாரங்களாக அந்த வசதியுள்ள ஒரு எஸ்யூவியைத்தான் ஊருக்குள் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். மேற்கு ரத வீதி, சாலை ரோடு, பேகம்பூர், நாகல் நகர், தாடிக்கொம்பு என்று எல்லா வேலைக்கும் அதுதான். எந்தக் கம்பெனி வண்டி என்பது இங்கே முக்கியமில்லை; நான் சொல்லப்போகிற குறை இந்தத் தொழில்நுட்பத்துக்கே பொதுவானது. சுற்றிலும் 12 சென்சார், நாலு பக்கமும் கேமரா, நடுவில் பெரிய திரை. இதெல்லாம் விளம்பரத்திலேயே இருக்கிறது.

குறையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் காருக்குச் சாக்கடை தெரியாது.

சென்சார் செய்வது எளிய வேலை. நம் காதுக்கு எட்டாத ஒலியை பம்பர் உயரத்திலிருந்து அனுப்புகிறது. எதிரே சுவரோ வண்டியோ இருந்தால் ஒலி அதில் பட்டுத் திரும்பும். திரும்ப எவ்வளவு நேரமானது என்பதை வைத்து தூரத்தைக் கணக்குப் போடும். நிற்கிற பொருளைக் கண்டுபிடிக்க இது அருமையான வழி. பள்ளம் விஷயத்தில் இது கைவிட்டுவிடும். பம்பர் உயரத்தில் எதுவும் திரும்பி வராவிட்டால், இடம் காலி என்றுதான் சென்சார் எடுத்துக்கொள்ளும். ஜெர்மனியிலும் ஜப்பானிலும் நகரத் தெருவின் ஓரத்தில் கல்விளிம்பு இருக்கும். கார் அதை அளந்து ஒட்டி நிற்கும். நம் தெருவில் தார் முடிகிற இடத்தில் மண், மண் முடிகிற இடத்தில் சாக்கடை. அதன் மேல் ஒரு சிலாப் இருக்கும், அடுத்தது இருக்காது.

ரத வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், நின்றிருந்த இரண்டு கார்களுக்கு நடுவே இடம் கிடைத்தது. திரையில் பார்க்கிங் கட்டம் தோன்றியது, பட்டனை அழுத்தினேன். ஸ்டியரிங் தானாகத் திரும்பியது, வண்டி அழகாகப் பின்னால் போனது. டீக்கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த பையன் கத்தினான்: "அண்ணே, பின்னாடி சிலாப் இல்லண்ணே!" பிரேக்கை மிதித்துவிட்டு இறங்கிப் பார்த்தேன். இடது பின் டயருக்கும் சாக்கடைக்கும் நடுவே ஒரு சாண் மண் இருந்தது. அந்த விளிம்பும் பொலபொலவென்று உதிர்ந்துகொண்டிருந்தது.

எனக்குக் கோபம் வந்தது பள்ளத்தைப் பார்த்தல்ல. திரும்ப ஏறி உட்கார்ந்தபோது, மேலிருந்து பார்ப்பதுபோல் காட்டும் 360 கேமராப் படத்தில் அதே சாக்கடை கறுப்பாகப் பளிச்சென்று தெரிந்தது. சிலாப் எங்கே முடிகிறது என்பதுகூடத் தெரிந்தது. கார் அதைப் படம் பிடித்து எனக்குக் காட்டுகிறது, தான் மட்டும் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. தரையில் போட்ட வெள்ளைக் கோட்டையும் நிற்கிற வண்டியையும் அடையாளம் காணப் பழக்கியவர்கள், திறந்த சாக்கடையையும் பழக்கியிருக்க வேண்டாமா? இந்தியாவில் விற்கிற காருக்கு முதல் பாடமே அதுதானே. மஹிந்திராவின் ஆராய்ச்சிக்கூடம் செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ரெனோவும் நிசானும் ஒரகடத்தில் கார் செய்தார்கள். சோதனை ஓட்டத்துக்குத் திண்டுக்கல் வருவதற்கு அரை நாள் போதும்.

இந்த வசதி புதிதும் அல்ல. 2003இல் டொயோட்டா ஜப்பானில் பிரியஸ் காரில் கொடுத்தது. நம் பக்கம் 2016இல் வந்த ஃபோர்டு எண்டெவரில் இருந்தது. மறைமலை நகரில் செய்த வண்டி. அதில் ஸ்டியரிங்கை மட்டும் கார் பார்த்துக்கொள்ளும், கியரும் பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் நம் கையில், நம் காலில். அந்தப் பங்கீடுதான் நம் ஊருக்குச் சரி என்று இப்போதும் நம்புகிறேன். 2021இல் ஃபோர்டு இங்கே கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது இன்றும் எனக்கு வருத்தம்தான். 2024 நவம்பரில் சென்னையில் அறிமுகமான மஹிந்திரா பிஇ 6, எக்ஸ்இவி 9இ, 2025 ஜூனில் வந்த டாடா ஹாரியர் இவி ஆகியவற்றின் மேல் வேரியன்ட்டுகளில் ஸ்டியரிங், கியர், பிரேக் எல்லாம் காரே செய்கிறது. நமக்கு வேலை குறைகிறது. ஆனால் எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருப்பவரின் கால், அவசரத்தில் பிரேக்கைத் தேடும்.

இன்னொரு தொல்லை, இடத்தைப் பிடிப்பது. பேரலல் பார்க்கிங்குக்கு இந்தக் கார் முதலில் காலி இடத்தைத் தாண்டிப் போக வேண்டும். தாண்டும்போதுதான் அளக்கும். வண்டியின் நீளத்தோடு சுமார் மூன்றடியாவது கூடுதலாக வேண்டும். அளந்து, நின்று, ரிவர்ஸ் போடுவதற்குள் பின்னால் டவுன் பஸ் ஹார்ன் அடிக்கும், காலி இடத்தில் ஒரு பைக் வந்து சைடு ஸ்டாண்டு போட்டிருக்கும். தேய்பிறை அஷ்டமி அன்று தாடிக்கொம்பு பெருமாள் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். சொர்ண ஆகர்ஷண பைரவரைக் கும்பிட வருகிற கூட்டத்துக்கு நடுவே ஒரு இடத்தைத் தாண்டிப் போனவருக்கு அந்த இடம் திரும்பக் கிடைக்காது. பின்னால் யாராவது குறுக்கே புகுந்தால் கார் சட்டென்று நின்றுவிடும்; அது நல்லதுதான். ஆனால் புகுகிறவர்கள் ஓய்வதில்லை, அதனால் வேலையும் முடிவதில்லை.

உயரமும் ஒரு சிக்கல். ஒட்டன்சத்திரம் மார்க்கெட் பக்கம் நிற்கிற லாரியின் பின்தட்டு, குட்டியானையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கிற கம்பி, இவை பம்பருக்கு மேலே இருக்கின்றன. சென்சாரின் ஒலி அவற்றுக்கு அடியில் போய்விடும், கண்ணாடிதான் போய் இடிக்கும்.

கோடு போட்ட இடத்தில் இது வேறு வண்டி. மதுரை, கோவை மால்களின் அடித்தளத்தில் ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. தூணுக்கும் தூணுக்கும் நடுவே என்னைவிட நேராக நிறுத்தியது. சித்தப்பாவுக்குக் கழுத்து எலும்புத் தேய்மானம், திரும்பிப் பார்க்க முடியாது. அதனாலேயே டவுனுக்குள் கார் எடுப்பதை விட்டிருந்தவர். மருத்துவமனை வளாகத்தில் ஸ்டியரிங் தானாகச் சுற்ற, திரையைப் பார்த்தபடி பிரேக்கில் மட்டும் கால் வைத்து நிறுத்திவிட்டு, "இது எனக்காகவே செஞ்சதுப்பா" என்றார். அவரைப் போன்றவர்களுக்கு இந்த வசதிக்குக் கொடுக்கும் பணம் வீண் இல்லை.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் எங்கள் வீட்டு போர்டிகோவில் கிடைத்தது. ஆர்.எம். காலனியில் பழைய வீடு. கட்டியது மாருதி 800 காலத்தில், அகலம் எட்டடி, அதாவது 2438 மி.மீ. மாருதி 800இன் அகலம் 1440 மி.மீ. இப்போது வருகிற பெரிய எஸ்யூவிகள் 1900ஐத் தொடுகின்றன. இரு பக்கத்துக்கும் சேர்த்து மிஞ்சுவது ஒன்றேமுக்கால் அடி. உள்ளே போன பிறகு கதவைத் திறந்து இறங்க வயிற்றை எக்க வேண்டும். அம்மாவால் முடியவே முடியாது. இந்தக் காரில் எல்லோரும் வாசலிலேயே இறங்கிவிடுகிறோம். சாவியில் உள்ள பட்டனை அழுத்தினால் வண்டி யாருமில்லாமல் நேராக ஊர்ந்து உள்ளே போகிறது. காலையில் அதேபோல் வெளியே வருகிறது. மூன்று பக்கமும் சுவர், பள்ளம் கிடையாது. சென்சாருக்குத் தெரிந்த உலகம் இதுதான், இங்கே அது பிசகுவதில்லை. தெரு ஆட்டோ பார்க்கிங்கை நான் அநேகமாக விட்டுவிட்டேன். இதை ஒரு நாளும் விடவில்லை.

ஆகவே, திண்டுக்கல்லில் ஓட்டப்போகிற காருக்கு ஆட்டோ பார்க்கிங்குக்காக மட்டும் மேல் வேரியன்ட் எடுக்காதீர்கள். பின்பக்கச் சென்சார் 2019 ஜூலையிலிருந்து எல்லாப் புதுக் கார்களிலும் கட்டாயம். அதோடு 360 கேமரா இருந்துவிட்டால் நம் கண்ணே சாக்கடையைப் பார்த்துக்கொள்ளும். ஒரகடத்தில் செய்த நிசான் மேக்னைட்டில் 2020லேயே, பத்து லட்சத்துக்குள், அந்தக் கேமரா வந்துவிட்டது. கழுத்து வலியோ குறுகிய போர்டிகோவோ இருந்தால் கணக்கு மாறும். அப்போதும் ஷோரூம் வாசலில் நிறுத்திக் காட்டுவதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். டெஸ்ட் டிரைவ் வண்டியை உங்கள் தெருவுக்கே வரச் சொல்லுங்கள். போர்டிகோவை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். சாவியை வைத்து வெளியிலிருந்து நகர்த்தும் வசதி நீங்கள் வாங்கப்போகிற அதே வேரியன்ட்டில் இருக்கிறதா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எல்லா வேரியன்ட்டிலும் அது இருக்காது.