பேசாமல் இருப்பவரின் ஆட்டம்

உதைபந்தாட்டப் போட்டியொன்றைப் பதிவில் மறுபடி போட்டுப் பார்க்கும் பயிற்றுநர் பந்தைப் பார்ப்பதில்லை. பந்து இல்லாத பக்கத்தில் யார் ஓடினார், யார் நின்றுவிட்டார், யார் இடத்தை மூடினார் என்றுதான் பார்ப்பார். நேரடியாகப் பார்க்கும்போது கண் பந்தோடு போய்விடும். பதிவுதான் மற்றப் பத்துப் பேரையும் காட்டும். பழைய தொலைக்காட்சித் தொடர்களை இறுவட்டில் மறுபடி பார்ப்பதற்கும் இதே பயன் உண்டு. அப்படிப் பார்க்கத்தக்க ஒன்றாக ‘மைண்ட் யுவர் லாங்குவேஜ்’ தொடரை இங்கே எடுத்துக்கொள்கிறேன். லண்டன் வீக்கெண்ட் டெலிவிஷன் 1977 டிசம்பர் 30ஆம் திகதி தொடங்கி 1979 வரை ஒளிபரப்பிய 29 அங்கங்கள் அவை. 1982 பெப்ரவரியில் ரூபவாஹினி தொடங்கிய பின் இலங்கை வீடுகளுக்கு வந்துசேர்ந்த பிரித்தானியத் தொடர்களில் இதுவும் ஒன்று. டெக் வாடகைக்கு எடுத்துப் படம் பார்த்த காலமும் போய், இறுவட்டுக் காலமும் வந்துவிட்டது. இந்தத் தொடரைப் பற்றிய பேச்சு மட்டும் இன்னும் இரண்டு இடங்களிலேயே நிற்கிறது: ‘நல்ல பகிடி’ என்பார் ஒருவர், ‘இனவாதப் பகிடி’ என்பார் மற்றவர். இரண்டு பேருமே எழுத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஆட்டத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இந்தத் தொடரில் எழுத்தைவிட ஆட்டம் பெரிது என்பதும், அந்த ஆட்டத்தை அளக்கும் கண் கூத்துப் பார்த்துப் பழகிய மட்டக்களப்பு வாவிக் கரையாருக்கு ஏற்கெனவே உண்டு என்பதும் என் வாதம்.

முதல் அங்கத்தையே எடுத்துக்கொள்வோம். லண்டனில் வளர்ந்தோருக்கான கல்லூரியொன்றின் மாலை வகுப்பு. ஆங்கிலம் படிப்பிக்க ஜெரமி பிரவுன் என்ற இளம் ஆசிரியர் புதிதாக வருகிறார். மாணவர்களை ஒவ்வொருவராகத் தங்கள் பெயர், நாடு, தொழில் சொல்லச் சொல்கிறார். கதை என்று பார்த்தால் இந்தக் காட்சியில் ஒன்றுமே நடக்கவில்லை. கூத்துக் களரியைத் தெரிந்தவர்களுக்கு இது என்னவென்று உடனே விளங்கும். இது வரவு. வட்டக்களரிக்குள் ஒரு பாத்திரம் வந்ததும் கதை நகராது. மத்தளமும் தாளமும் சேர, அவன் இன்னான், இந்தத் தகுதியுடையான் என்பது ஆட்டத்தாலும் பாட்டாலும் நிலைநாட்டப்பட வேண்டும். வரவு சரியாக அமையாவிட்டால் விடியும்வரை அந்தப் பாத்திரம் களரியில் நிமிராது என்பது கூத்துப் பழகியோருக்குத் தெரியும். வடமோடி அரசனின் கரப்புடுப்பையும் இங்கே நினைக்கலாம். வாவியின் ஆழமில்லாத நீரில் மீனைக் கவிழ்த்துப் பிடிக்கும் கரப்பின் வடிவில் விரிந்து நிற்கும் உடுப்பு அது. அதை அணிந்தவனால் சாதாரண மனிதனைப் போல நடக்க முடியாது. ஆட்டத்தை உடுப்பே கட்டுப்படுத்துகிறது. அந்தக் கட்டுக்குள் நின்று அவன் என்ன செய்கிறான் என்பதில்தான் திறமை தெரியும். லண்டன் வகுப்பறையில் ரஞ்சித் சிங்கின் தலைப்பாகை, அலி நதீமின் தொப்பி, ஜமீலாவின் பின்னல் ஊசிகள், சுங் சு லீயின் சிவப்புப் புத்தகம் எல்லாம் கரப்புடுப்பின் வேலையைத்தான் செய்கின்றன. வேடத்தைப் பார்த்ததுமே ஆள் இன்னார் என்று தெரிந்துவிடுகிறது. தெரிந்த பிறகு நடிகர் என்ன செய்கிறார் என்பதே கேள்வி.

இந்த வேடங்களை யார் போட்டார்கள் என்று பார்த்தால் இன்னும் தெளிவு கிடைக்கும். சீக்கியரான ரஞ்சித்தாக வந்த ஆல்பர்ட் மோசஸ் 1937இல் நமது கம்பளையில் பிறந்தவர், சீக்கியர் அல்லர். பாகிஸ்தானியரான அலியாக வந்த டினோ ஷஃபீக் டாக்காவில் பிறந்தவர். பிரெஞ்சுப் பெண்ணாக வந்த ஃபிரான்சுவாஸ் பஸ்கால் மொரீசியஸ்காரர். ஸ்பானியர் ஜுவானாக வந்த ரிக்கார்டோ மொன்டெஸ் ஜிப்ரால்டரைச் சேர்ந்தவர். கிரேக்கர் மக்ஸாக வந்த கெவோர்க் மலிக்கியான் துருக்கியில் பிறந்த ஆர்மீனியர். செஞ்சீனத்துச் சு லீயாக வந்த பிக் சென் லிம் பினாங்கைச் சேர்ந்தவர். இவர்களில் ஒருவரும் தம் சொந்த நாட்டை அங்கே நடிக்கவில்லை. படுவான்கரை வயற்காரர் தருமராகவும் வாவியில் வலை வீசுபவர் வீமனாகவும் வேடம் கட்டுவதைப் போல, இவர்களும் பிறர் எழுதிய வேடத்தைக் கட்டி ஆடினார்கள். இதன் பெறுமதியை விளங்கிக்கொள்ள அக்காலத்துப் பிரித்தானியத் திரையை ஒருமுறை நினைக்க வேண்டும். 1974இல் பிபிசி தொடங்கிய ‘இட் எயின்ட் ஹாஃப் ஹொட் மம்’ தொடரில் இந்தியப் பணியாள் ரங்கி ராமாக நடித்தவர் மைக்கேல் பேட்ஸ் என்ற வெள்ளையர், முகத்தில் கபில நிறச் சாயத்தோடு. அதே தொடரில் உண்மையான வங்காளியான டினோ ஷஃபீக்குக்குக் கிடைத்தது தேநீர் விற்பவரின் சிறு வேடம். அங்கிருந்து மூன்றே ஆண்டுகளில் அதே ஷஃபீக்கும் கம்பளை மோசஸும் வகுப்பறையின் நடுவில், ஒருவருக்கொருவர் எதிராட்டம் போடும் இடத்துக்கு வந்துசேர்ந்திருக்கிறார்கள்.

அந்த எதிராட்டத்தைச் சற்றுக் கிட்ட நின்று பார்ப்போம். முதல் வகுப்பிலேயே இருவருக்கும் மதத்தின் பேரில் வாய்த்தகராறு வந்துவிடுகிறது. எழுத்தின்படி இருவரும் ஒரே மாதிரி: கோபக்காரர்கள், மதப் பிடிப்புள்ளவர்கள், ஆங்கிலத்தில் தடுக்கி விழுபவர்கள். ஆட்டத்தில் இருவரும் வெவ்வேறு தாளம். ஷஃபீக்கின் உடம்பு எப்போதும் முன்னுக்குச் சாய்ந்திருக்கும். வாயில் வருமுன் பதில் முகத்தில் வந்துவிடும். தலையாட்டல், சிரிப்பு, முழிப்பு எல்லாம் துரித கதி. மோசஸ் அதற்குப் பதிலாகக் கதியைக் குறைக்கிறார். முதுகு நிமிர்ந்திருக்கும். கைகூப்பி, தலையைச் சற்றுத் தாழ்த்தி ஆயிரம் மன்னிப்புக் கேட்கும் அந்தப் பழக்கப்பட்ட இடத்திலும் அவர் அவசரப்படுவதில்லை. கை கூடி, தலை தாழ்ந்து, அதன் பிறகே சொல் வருகிறது. மன்னிப்பில் பணிவு இருக்கிறது, பயம் இல்லை. கேட்பவர் அரசர், கேட்கப்படுபவர் பிரசை என்பது போல ஒரு கம்பீரம் அதில் உண்டு. அதனால்தான் அலி துள்ளும்போது சிரிப்பு ஒருமுறையும், ரஞ்சித் அசையாமல் அலியைத் திரும்பிப் பார்க்கும்போது அதைவிடப் பெரிதாக இன்னொரு முறையும் வருகிறது. இந்த இரண்டாவது சிரிப்பை எழுத்தாளர் வின்ஸ் பவல் எழுதவில்லை. அது ஆட்டக்காரர்கள் உண்டாக்கியது. நடுவில் நிற்கும் பெரி எவன்ஸின் வேலையையும் சொல்ல வேண்டும். ஜெரமி பிரவுன் வேடத்தில் பகிடி அதிகம் கிடையாது. ஒவ்வொரு மாணவரும் பேசி முடிக்கும்வரை அவர் காத்திருக்கிறார். பிழை விழுந்த கணத்தில் முகத்தில் ஒரு சிறு வாட்டம். பிறகு பொறுமையோடு அடுத்த ஆளிடம் போகிறார். களரியில் மத்தளத்தோடு நின்று, ஆட்டக்காரனின் காலைப் பார்த்துக்கொண்டே அடியைக் கொடுக்கும் அண்ணாவியாரின் இடம் அது. ஜமீலாவாக வந்த ஜமீலா மாசி இன்னும் கடினமான வேலையைச் செய்கிறார். தொடக்கத்தில் அவருக்கு ஆங்கிலமே இல்லை, பின்னிக்கொண்டிருப்பதுதான் வேடம். ஆனாலும் வகுப்பில் யாராவது தடுமாறும்போது அந்த ஊசிகளைக் கவனியுங்கள். அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். பேச்சுக் கிடைக்காத நடிகை கேட்பதையே நடிப்பாக ஆக்கியிருக்கிறார்.

‘அலசல் எல்லாம் சரி, அடிப்படையில் அது வெளிநாட்டாரை இழிவுபடுத்தும் தொடர்தானே?’ என்ற கேள்வி இங்கே வரத்தான் செய்யும். கேள்வி நியாயமானது. தொடரை ஒளிபரப்பிய நிறுவனத்தின் உள்ளிருந்தே அது எழுந்தது. உயர் பொறுப்பிலிருந்த மைக்கேல் கிரேட் இனங்களை அச்சில் வார்த்தது போலக் காட்டும் இந்தப் போக்குத் தவறு என்று கருதித்தான் மூன்று பருவங்களோடு அதை நிறுத்தினார். அந்தத் தீர்ப்பை நான் மறுக்கவில்லை. ஒரு சீனப் பெண் என்றால் மாவோ புத்தகம், ஒரு யப்பானியர் என்றால் குனிந்து வணங்கல் என்று எழுதுவது சோம்பேறி எழுத்து. புலம்பெயர்ந்தோர் தெருவில் தாக்கப்பட்டுக்கொண்டிருந்த எழுபதுகளின் லண்டனில் அது சோம்பலோடு நிற்காமல் தீங்காகவும் முடியக்கூடும். ஆனால் எழுத்தின் குற்றத்துக்காக ஆட்டத்தையும் சேர்த்துத் தூக்கியெறிய வேண்டுமா என்பது வேறு கேள்வி. அதற்கு மட்டக்களப்பு ஏற்கெனவே ஒரு விடை கண்டிருக்கிறது. நமது கூத்துகளிலும் வண்ணான், குறவன் போன்ற பாத்திரங்கள் பகிடிக்கென்றே வந்ததுண்டு. பெண் பாத்திரங்கள் சொல்லும் சொற்களில் இன்று காதுக்குக் கூசுபவை உண்டு. அதற்காகக் கூத்தை மூடிவிட வேண்டும் என்று சீலாமுனையில் கலாநிதி சி. ஜெயசங்கரும் அவரோடு சேர்ந்த கூத்தர்களும் சொல்லவில்லை. ஆட்டத்தையும் தாளத்தையும் காப்பாற்றிக்கொண்டு, சாதியையும் பெண்ணையும் தாழ்த்தும் பனுவலை ஊரோடு இருந்து விவாதித்து மாற்றினார்கள். கூத்து மீளுருவாக்கம் என்று அதற்குப் பெயர். எழுத்து வேறு, ஆட்டம் வேறு என்று பிரித்துப் பார்க்கலாம், பிரித்தால் கலை செத்துப்போகாது என்பதற்கு அதைவிடக் கிட்டிய சான்று தேவையில்லை. இந்தத் தொடருக்கே அப்படியொன்று நடந்ததும் உண்டு. 1993இல் இந்தியாவின் தூர்தர்ஷன் ‘ஸபான் சம்பால்கே’ என்ற பெயரில் அதே வகுப்பறையை ஹிந்தி வகுப்பாக மாற்றியது. ஆசிரியராக பங்கஜ் கபூர். ஹிந்தி பேசத் தடுமாறும் மாணவர்களில் ஒருவர் டொம் ஆல்ட்டர் நடித்த வெள்ளைக்காரர். கதிரைகள் இடம் மாறியதும் பகிடியின் விஷம் பெருமளவு இறங்கிவிட்டது. மொழி தெரியாதவனின் தவிப்பு மட்டும் மிஞ்சியது. தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் மூன்று வாசல்களாக நிற்கும் நாட்டில் வாழும் நமக்கு அந்தத் தவிப்பு யாருடையது என்று சொல்லித்தரத் தேவையில்லை. இங்கிலாந்துக்காரர் ஆசிரியரின் மேசையிலிருந்து பார்த்த வகுப்பை நாம் மாணவர் வாங்கிலிருந்து பார்க்கிறோம்.

இன்னொரு மறுப்பு இறுவட்டைப் பற்றியது. கிழமைக்கு ஒன்றாகப் பார்த்தபோது தெரியாத குறைகள் ஒரே இரவில் நான்கு அங்கங்களைப் பார்க்கும்போது பல்லை இளிக்கும் என்பார்கள். உண்மைதான். ஒரே வகைச் சொற்பிழை, ஒரே வகை இரட்டை அர்த்தம், ஒரே இடத்தில் தலைமையாசிரியை கதவைத் திறந்துகொண்டு வருதல். மூன்றாம் பருவத்துக்கு வரும்போது எழுத்து களைத்துவிட்டது. பதிவு இரக்கம் காட்டாது. எழுத்தின் களைப்பையும் காட்டும், ஆட்டக்காரர் அந்தக் களைப்பை எப்படிச் சுமந்தார் என்பதையும் காட்டும். 1986இல் ஏற்றுமதிக்கென்று மறுபடி எடுக்கப்பட்ட 13 அங்கங்கள் அதற்குச் சாட்சி. எழுத்தின் அச்சு அதே அச்சுத்தான். டினோ ஷஃபீக் 1984இல் மறைந்துவிட்டார். அலியின் கதிரையில் ஷஃபீக் இல்லை. பழைய குழுவில் வேறு சிலரும் இல்லை. அந்த அங்கங்கள் எழும்பவேயில்லை. எழுத்துத்தான் தொடரைத் தூக்கி நிறுத்தியது என்றால் அங்கேயும் நின்றிருக்க வேண்டும். சல்லரி இல்லாமல் மத்தளம் மட்டும் ஒலிக்கும் களரி போல அது வெறுமையாக இருக்கிறது.

இங்கிலாந்துத் தொடருக்கு இவ்வளவு இடம் ஏன், நமது கூத்தைப் பற்றி எழுதக்கூடாதா என்று கேட்பவருக்குச் சொல்கிறேன்: இது கூத்தைப் பற்றியும்தான். 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன், வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார் போன்றோரின் துணையோடு ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ ஆகியவற்றை மேடையேற்றியபோது எதிர்கொண்ட முதல் சிக்கல், நாற்புறமும் சனம் இருந்து பார்க்கும் வட்டத்தை ஒருபுறம் மட்டும் திறந்த மேடைக்குக் கொண்டுவருவது. அன்று இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு, பின்னர் பேராசிரியராகி மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்தவர். அந்தச் சிக்கல் இன்று கமராவின் வடிவில் திரும்ப வந்திருக்கிறது. அரங்கேற்றங்களைப் பதிவுசெய்யும் ஒளிப்பதிவாளர் பாடுபவரின் முகத்துக்குக் கிட்டப் போகிறார். முகம் கிடைக்கிறது, களரி போய்விடுகிறது. பாடுபவன் தரு முடித்து அடவை எடுக்கும்போது எதிரே நிற்பவனின் கால் என்ன செய்தது, பிற்பாட்டுக்காரர் எந்த இடத்தில் பிடித்தார், அண்ணாவியாரின் கண் யார் மேலிருந்தது என்பதெல்லாம் சட்டகத்துக்கு வெளியே நடந்து முடிந்துவிடுகிறது. லண்டன் கலையகத்தில் பல கமராக்கள் இருந்தன. பேசுபவரை ஒன்று பார்த்தபோது முழு வகுப்பையும் இன்னொன்று பார்த்தது. அதனால்தான் ஜமீலாவின் ஊசி நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் நமக்குக் கிடைக்கிறது. அடுத்த அரங்கேற்றத்தில் கிட்டப் போகும் கமராவைத் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றைக் களரியின் விளிம்பில், அண்ணாவியாருக்கு எதிர்ப்புறமாக, சற்று உயரத்தில் நிறுத்தி, விடியும்வரை அதைத் தொடாமல் விட்டுவிடுங்கள்.