நிமிடத்துக்கு 40 சொட்டு

இந்தக் கருவியில் குறை சொல்ல ஒரேயொரு சாமான்தான் இருக்கிறது: நடுவிலுள்ள திருகு. வில்லங்கம் என்னவென்றால், கருவியே அந்தத் திருகுதான். மற்றதெல்லாம் கண்ணாடியும் மரச்சட்டமும்.

தைப்பொங்கலுக்கு ரொறன்ரோவிலிருந்து வந்த மச்சான் துவாய்க்குள் சுற்றிக் கொண்டுவந்து தந்தார். குளிர்ச் சொட்டுக் கோப்பி போடுகிற கோபுரம். மேலே ஐஸும் தண்ணீரும் விடுகிற கண்ணாடி உருண்டை, அதன் கீழே திருகு, பிறகு கோப்பித்தூள் போடுகிற குழல், அடியில் சாடி. கொழும்புக் கடைகளில் கண்ணாடிக்குப் பின்னால் காட்சிக்கு வைத்திருப்பார்களே, அதன் வீட்டுத் தம்பி. 50 கிராம் தூள், 500 மில்லிலீற்றர் தண்ணீர், நாலு மணித்தியாலச் சொச்சம், அடுப்பே வேண்டாம். கம்பனியின் பெயரை விடுவோம். நான் ஹரியோவின் கூம்பில் வருசக்கணக்காகக் கோப்பி வடிக்கிற ஆள். அந்த விசுவாசத்தில் திட்டுகிறேன் என்று மச்சான் ஏற்கெனவே சொல்லிவிட்டார்.

கூட வந்த கையேட்டில் ஒரு கதை அச்சடித்திருக்கிறார்கள். ஒல்லாந்த மாலுமிகள் கப்பலில் நெருப்பு மூட்டாமல் பச்சைத் தண்ணீரில் கோப்பி போட்டார்களாம், அதைப் பார்த்து யப்பானியர் பழகினார்களாம். யப்பானிலும் கொரியாவிலும் இதற்கு டச்சுக் கோப்பி என்றே பெயர். கதை உண்மையோ தெரியாது, ஆனால் நான் இருக்கிற தீவுக்கே லெய்டன் என்று பெயர் வைத்துப் போனவர்கள் அவர்கள். நெடுந்தீவு டெல்ஃப்ட், காரைநகர் அம்ஸ்ரர்டாம். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்து 1795 வரை இருந்தவர்கள் எங்கள் பேச்சில் கந்தோரையும் கக்கூசையும் விட்டுப்போனார்களே தவிர, இந்தக் கோப்பியைச் சொல்லித்தரவில்லை. அது ரொறன்ரோ சுற்றி இப்போதுதான் மண்கும்பானுக்கு வருகிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சரியாக அமைந்த நாளில் இந்தக் கோப்பிக்கு நிகரில்லை. கசப்பு நாக்கின் அடியில் போய்ப் படுக்காது. புளிப்பு பேருக்குத்தான். சீனி தேவையில்லை, பால் விட்டால் பாவம். ஒரு துண்டு பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு சின்னக் கிளாசில் உறிஞ்ச வேண்டும். அம்மா வறுத்து இடிக்கிற, மல்லியும் வேர்க்கொம்பும் சேர்ந்த வீட்டுத்தூள் மட்டும் இதற்குச் சரிவராது. மா மாதிரி இருப்பதால் தண்ணீர் இறங்காமல் மேலே குளம் கட்டி நிற்கும். தனிக்கொட்டையை ரவைப் பதத்துக்குத் திரித்து, மேலே வட்டமாக வெட்டிய வடிதாள் ஒன்று போடவேண்டும். அதில்லாவிட்டால் சொட்டு விழுகிற இடத்தில் நண்டு வளை மாதிரிப் பொந்து விழுந்து, தண்ணீர் அதற்குள்ளால் போய்விடும். சுற்றியிருக்கிற தூள் பாதி நனையாது.

ஆனால் ஏழு கிழமையில் அப்படி அமைந்த நாட்களை விரல்விட்டு எண்ணலாம்.

மாலை 6 மணிக்குக் கடிகாரத்தைப் பார்த்து, நிமிடத்துக்கு 40 சொட்டு என்று திருகி வைப்பேன். ஆறரைக்குப் பார்த்தால் 31. ஒரு மயிரிழை திறப்பேன். ஐஸ் கரைந்து முடிகிற எட்டு மணிக்கு 55, ஓடிப்போய் மூடுவேன். ஒன்பதரைக்கு 18. அலுத்துப்போய்ப் படுத்துவிட்டு விடிய எழும்பினால், மேலே இரண்டு விரற்கடைத் தண்ணீர் அப்படியே நிற்கும். திருகின் வாயில் கடுகளவு காற்றுக்குமிழ் ஒன்று குந்தியிருக்கும். வேகமாகச் சொட்டிய நாளில் கோப்பி சப்பென்றிருக்கும். இழுத்துக்கொண்டு கிடந்த நாளில் கஷாயம். விறாந்தையில் கதிரை போட்டு இரவிரவாகக் காவலிருந்த என்னைப் பார்த்து அம்மா சொன்னார்: “தம்பி, அடுப்பில ஒரு கோப்பி போட்டுக் குடிச்சிட்டு நித்திரை கொண்டிருக்கலாம்.”

திருகு கெட்டுப்போகவில்லை. புதுத்திருகு ஒன்றும் அனுப்பினார்கள், அதுவும் இதே குணம். ஆற அமர யோசித்தால் காரணம் வெளிச்சம். உருண்டைக்குள் தண்ணீர் 12 சென்ரிமீற்றர் உயரத்துக்கு நிற்கிறது. திருகைத் தள்ளுவது அந்த உயரத்தின் பாரம் மட்டுமே. 2 சென்ரிமீற்றராக இறங்கும்போது தள்ளுகிற பாரம் ஆறில் ஒன்று. சொட்டும் ஏறக்குறைய அதே கணக்கில் குறையும். இது போதாதென்று ஐஸ். உறைநிலைக்குப் பக்கத்தில் இருக்கிற தண்ணீர், 30 பாகைத் தண்ணீரைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் பிசுபிசுப்பானது, ஊசித்துவாரத்தால் மெல்லத்தான் நகரும். ஐஸ் கரைந்து எங்கள் ஊர் வெக்கை ஏறியதும் ஓடத் தொடங்கிவிடும். குளிர்ந்த தண்ணீரில் கரைந்திருக்கிற காற்றும் சூடேற வெளியே வந்து குமிழாகி, இருக்கிறதிலேயே ஒடுங்கின இடமான திருகின் வாயில் ஒட்டிக்கொள்ளும். சிவலிங்கத்துக்கு மேலே தொங்குகிற தாராபாத்திரத்துக்கும் இதே விதிதான், ஆனால் ஐயர் சொட்டு எண்ணுவதில்லை.

தீர்வு யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு முன்னாலுள்ள பாமசியில் இருந்தது. மருந்து ஏற்றுகிற சேலைன் குழாய், பிரிக்காத பைக்கற். ஒரு கடைக்கோப்பியின் காசுகூட வராது. 20 சொட்டு 1 மில்லிலீற்றர் என்று பைக்கற்றிலேயே போட்டிருக்கிறது. அப்படியென்றால் 500 மில்லிலீற்றருக்கு 10,000 சொட்டு. நிமிடத்துக்கு 40 என்றால் 250 நிமிடம். கோபுரத்தின் திருகில் இந்தக் கணக்கைச் செய்யவே வழியில்லை.

தண்ணீர்ப் போத்தலின் மூடியில் குழாயின் ஊசிமுனையைக் குத்தி, போத்தலைத் தலைகீழாக்கி, அடியில் காற்றுக்கு ஒரு துளை போட்டு விறாந்தை வளையில் கட்டித் தொங்கவிட்டேன். குழாயின் வாய் 120 சென்ரிமீற்றர் கீழே, கோப்பிக் குழலுக்கு மேலே. போத்தலில் தண்ணீர் 15 சென்ரிமீற்றர் இறங்கினாலும் மொத்த உயரத்தில் அது எட்டில் ஒரு பங்குதான். 40இல் தொடங்கியது 35இல் முடிந்தது. இடையில் நான் கை வைக்கவில்லை, நித்திரை கொண்டேன். குமிழ் வந்தாலும் குழாயிலுள்ள சின்னக் கூண்டுக்குள் மேலே போய் நிற்கும். கொதித்தாறிய தண்ணீரையே விடுவதால் அதில் காற்றும் குறைவு. ஐஸை மேலே போடாமல் கீழே சாடியைச் சுற்றி அடுக்குகிறேன். அப்படியானால் இது குளிர்ச் சொட்டே இல்லை என்று மச்சான் வட்சப்பில் வழக்காடுகிறார். வழக்காடட்டும்.

பக்கத்து வளவு ஆச்சி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

“ஆருக்கடா மோனை சேலைன் ஏத்துறாய்?”

“கோப்பிக்கு ஆச்சி.”

“அதுக்கென்ன வருத்தம்?”

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் பாலும் சீனியும் இல்லாத இந்தக் கோப்பி தண்ணீரை ஒளிக்காது. பண்ணைப் பாலம் தாண்டி, அல்லைப்பிட்டியும் கழிந்து மண்கும்பானுக்கு வந்தால் மணல்தான் ஊர். மாரிமழை அந்த மணலுக்குள் இறங்கி, கீழேயிருக்கிற உப்புத்தண்ணீருக்கு மேல் பாரம் குறைந்த நன்னீராக மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நன்னீர் நின்றால் கீழே 40 மீற்றர் வரை உப்பைத் தள்ளிவைக்கும் என்பது நிலத்தடி நீர்க்காரரின் பழைய கணக்கு. மணல் வற்றினால் உவர் ஏறும். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் போட்ட கோப்பியையும், கடற்கரைப் பக்கத்துச் சொந்தக்காரர் வீட்டுச் சவர்த்தண்ணீரில் போட்ட கோப்பியையும் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பார்த்தேன். ஒரே தூள், ஒரே குழாய், ஒரே 40 சொட்டு. இரண்டாவதை ஒரு மிடறுக்கு மேல் விழுங்க முடியவில்லை. இந்த மணலை இரவில் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிப் போகிறவர்களுக்கு அந்த இரண்டாவது கிளாசைக் கொடுக்க வேண்டும்.

சரி, வாங்கலாமா? வாங்க வேண்டாம். ஒரு கண்ணாடிக் குழல், ஒரு சாடி, வடிதாள், சேலைன் குழாய் போதும். குழாயைக் கிழமைக்கொரு தரம் மாற்றுங்கள், மலிவுதானே. கோப்பியை மூடிப் பிறிஜ்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளுக்குள் குடித்துவிடுங்கள்.

கோபுரத்தின் மேல் உருண்டையும் இரண்டு திருகும் துவாய்க்குள் சுற்றியபடி பெட்டியில் கிடக்கின்றன. மண்கும்பான் பிள்ளையாருக்கு வருகிறவர்கள் கேட்டால் சும்மாவே தருவேன். வளையில் தொங்குகிறதை மட்டும் கேட்க வேண்டாம்.