மம்மி படத்து வண்டும் நம்ம சாணி உருட்டியும்

1999-ல் வந்த ‘தி மம்மி’ படத்தை டிவியில் பார்க்காதவர்கள் குறைவு. அதில் ஒரு சிறை அதிகாரி, கல்லறைச் சுவரில் பதித்திருக்கும் நீல வண்டுகளைப் பேராசையில் பெயர்த்து எடுப்பார். ஒரு வண்டு உயிர்பெற்று அவர் தோலுக்கடியில் ஊர்ந்து தலைவரைக்கும் போகும். இன்னொரு இடத்தில் கூட்டமாக வந்து ஆளையே எலும்பாக்கிவிடும். பயமுறுத்த எடுத்த காட்சி, பயமுறுத்துது. அதில் எனக்குச் சண்டை இல்லை. ஸ்காரப் என்றாலே நம்ம பிள்ளைகளுக்கு அந்தக் காட்சி மட்டும்தான் ஞாபகம் வருகிறது என்பதுதான் வருத்தம்.

அந்த வண்டு வேறு யாருமில்லை, சாணி உருட்டிதான். மழை ஈரத்தில் கரிசல் காட்டு வண்டிப்பாதையில், தலையைக் கீழே ஊன்றி, பின்னங்காலால் உருண்டையைத் தள்ளிக்கிட்டுப் பின்பக்கமாகப் போகுமே, அதோட சொந்தக்காரன். ஆளைத் தின்னாது. சாணம்தான் அதற்குச் சாப்பாடு.

எகிப்தியர்கள் அந்த உருண்டையில் சூரியனைப் பார்த்தார்கள். காலைச் சூரியனான கெப்ரி என்ற சாமிக்கு முகமே வண்டுதான். ‘கெபெர்’ என்றால் அவர்கள் மொழியில் ஆகுதல், உருவாதல். நமக்கும் உரு, உருண்டை என்று ஒலி கிட்டத்தில்தான் வருது. அதை வைத்து நைலுக்கும் வைப்பாற்றுக்கும் யாரும் பாலம் கட்டிவிட வேண்டாம். மண்ணுக்குள் போன உருண்டையிலிருந்து கொஞ்ச நாளில் புது வண்டு வெளியே வருவதைப் பார்த்தவர்கள், செத்தவனும் அப்படித் திரும்ப வருவான் என்று நம்பினார்கள்.

உயிரோடு இருப்பவர்கள் மாவுக்கல்லில் செதுக்கி, மெருகு பூசி, நீளவாக்கில் துளை போட்டுக் கயிற்றில் கோத்துக்கொண்டார்கள். நம்ம தாயத்தில் எழுத்து குழாய்க்குள் சுருண்டு கிடக்கும். அங்கே வண்டின் தட்டையான வயிற்றில் எழுதினார்கள், அதையே முத்திரையாகவும் குத்தினார்கள். மூன்றாம் அமென்ஹோதெப் ராஜா ஒருபடி மேலே போய், பத்து வருஷத்தில் 102 சிங்கம் கொன்றதைப் பெரிய வண்டுகளில் பொறித்து ஊர் ஊராக அனுப்பினார். அந்தக் காலத்துச் சுவரொட்டி! இதையெல்லாம் விட்டுவிட்டு ‘அதிர்ஷ்ட வண்டு’ என்று ஒரே வார்த்தையில் நகைக்கடை விளம்பரம் முடித்துவிடுகிறது.

படம் தவறவிட்டது இதய ஸ்காரபை. மம்மியாக்கும்போது மூளையை எடுத்துப் போடுவார்கள். இதயத்தைப் பெரும்பாலும் உள்ளேயே விடுவார்கள். மறுமையில் அதைத் தராசில் வைத்து, மறுதட்டில் மாஅத் தேவியின் இறகை வைத்து நிறுப்பார்கள் என்பது நம்பிக்கை. அந்த நேரத்தில் தன் இதயமே தனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிடக் கூடாதே என்ற பயம். அதனால்தான், எனக்கு எதிராக எழுந்து நிற்காதே என்று இதயத்திடம் கேட்கும் மந்திரத்தைப் பச்சைக் கல் வண்டில் வெட்டி, நெஞ்சில் வைத்து அனுப்பினார்கள். தோற்ற இதயத்தைத் தின்ன அம்மித் என்றொரு பிராணி தராசுப் பக்கத்திலேயே காத்திருக்கும்: முதலைத் தலை, சிங்க முன்னுடம்பு, நீர்யானைப் பின்னுடம்பு. தின்கிற வேலைக்கு இப்படி ஒரு ஆள் தயாராக இருக்கும்போது, காவலுக்கு வைத்த வண்டைப் போய்க் கொலைகாரனாக்கியது சோம்பல் கற்பனை.

நாமும் அதற்கு மரியாதை செய்தவர்கள் இல்லை. கோவில்பட்டிப் பிள்ளைகள் பொன்வண்டைத்தான் தீப்பெட்டிக்குள் போட்டு, வேலந்தழை கொடுத்து, முட்டை போடுதா என்று திறந்து திறந்து பார்ப்போம். சாணி உருட்டிக்குக் கிடைத்தது குச்சிக் குத்து. நாம் பளபளப்பைப் பார்த்து வண்டைத் தேர்ந்தெடுத்தோம். எகிப்தியர்கள் அது செய்த வேலையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள்.

உழவு மாடு போய் டிராக்டர் வந்தபிறகு தெருவில் உருண்டை கண்ணில் படுவதும் குறைந்துபோச்சு. மழை விட்ட மறுநாள், மேய்ச்சல் பக்கம் புதுச்சாணி கிடக்கிற இடத்தில் கால்மணி நேரம் நின்றால் இன்னமும் பார்க்கலாம். காலையில் போனால் நல்லது.