ஒலை யார் வீட்டு அடுப்பில்?

சேர்ந்து சாப்பிட்டால் சபை உருவாகிவிடும் என்று சொல்லிப் புதிய ஊழியங்களைத் தொடங்குகிறார்கள். மேடை வேண்டாம், பாய் விரிப்போம், இலை போடுவோம், வேதம் வாசித்துப் பேசிக்கொண்டே சாப்பிடுவோம் என்கிறார்கள். நல்லதுதான். ஆனால் இந்த மண்ணில் சோறு வெறும் சோறல்ல. யார் ஆக்கினது, யார் பரிமாறுறது, எச்சில் இலையை யார் எடுக்கிறது என்ற மூன்று கேள்விக்குள் சாதி முழுசாக உட்கார்ந்திருக்கிறது.

இதில் நமக்கு ஒரு முன்னோடி உண்டு. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பாடம் சொன்ன ஜே. தியோபிலஸ் அப்பாவு. பரட்டை என்றால்தான் பலருக்குத் தெரியும். 2005இல் இறந்துபோனார். சமஸ்கிருத வாடையடிக்கும் கிறித்தவத் தமிழையும் கர்நாடக மெட்டையும் ஒதுக்கிவிட்டு, பறையையும் நாட்டுப்புற இசையையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தவர். பரமண்டல ஜெபத்தைப் பாட்டாக்கியபோது பிதாவைப் பெற்றோராக்கினார். அன்றாட அப்பத்துக்குப் பதில் 'ஒரு ஒலை' கேட்டார். ஒரே உலையில் பொங்கி எல்லாரும் பங்கிட்டுத் தின்பது. நற்கருணை அப்பத்துண்டு பசியாற்றாது, ஒலைச்சோறு ஆற்றும். அவருடைய இறையியலை நான் இப்படித்தான் வாசிக்கிறேன்.

அவருக்கு வெகுகாலம் முன்பே, 1847இல், அமெரிக்கன் மதுரை மிஷன் தன் ஊழியக்காரர்களைச் சாதியை விட்டதற்கு அடையாளமாகச் சேர்ந்துண்ணச் சொன்னது. மறுத்த உபதேசிமார் பலர் நீக்கப்பட்டார்கள். வேலையை விடத் துணிந்தவர்களால் சாதியை விட முடியவில்லை. ஆனால் அது துரைமார் மேலிருந்து வைத்த பரீட்சை. அப்பாவுவின் ஒலை சேரி அடுப்பிலிருந்து எழும்பியது. வித்தியாசம் பெரிது.

எங்க ஊர் ஆலயத்தில் வருசா வருசம் அசனம் நடக்கும். ஒரே பந்தி, பாகுபாடு கிடையாது என்று குருவானவர் பெருமையாகச் சொல்வார். எங்க தெருக்காரங்க விறகு கொண்டாரணும், பாத்திரம் வெளக்கணும், எலை எடுக்கணும். அண்டா பக்கம் போனா, "சமையலுக்கு ஆள் பேசியாச்சு, நீங்க எதுக்குச் செரமப்படுறீங்க" என்பார்கள். பந்தி ஒண்ணுதான், அடுப்பு ஒண்ணில்ல.

அந்தியோகியாவில் புறஜாதியாரோடு உண்டுகொண்டிருந்த பேதுரு, யாக்கோபிடமிருந்து ஆட்கள் வந்ததும் பந்தியை விட்டு விலகினார். பவுல் அவரை முகத்துக்கு நேராக எதிர்த்தார். நம் சபைகளில் விலகுகிற பேதுருக்கள் நிறைய. எதிர்க்கிற பவுல்தான் இல்லை.

அப்பாவுவிடமும் எனக்குக் கேள்வி இருக்கிறது. ஒரு ஒலை என்பது ஒரே தெருவுக்குள் ஏற்கெனவே இருக்கிற பழக்கம். தெருவைத் தாண்டும்போது அது என்னாகிறது? அருந்ததியர் வீட்டில் பறையரும் பள்ளரும் தயங்காமல் கை நனைக்கிறோமா? அந்த ஒலைக்கு முன்னால் புகையில் வேகிறது யார்? நம்ம வீட்டுப் பொம்பளைகதானே? ஒலையைப் பாடினால் போதாது, இதையும் பேசியாக வேண்டும்.

சேர்ந்துண்பதால் மட்டும் சாதி சாகாது என்று அம்பேத்கர் 1936இல், பேச அனுமதிக்கப்படாத தன் 'சாதி ஒழிப்பு' உரையில் எழுதிவிட்டார். கலப்பு மணம்தான் உண்மையான மருந்து, அதற்கும் அடியில் சாத்திரங்களின் புனிதத்தை உடைக்க வேண்டும் என்றார். அதனால் பந்தி வேண்டாமென்று நான் சொல்லவில்லை. பந்தியோடு நின்றுவிடாதே என்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவன், தன் மகளுக்கு மாப்பிள்ளை தேடும்போது எந்தத் தெருவுக்குப் போகிறான்?

புது ஊழியம் தொடங்கும் தோழர்களே, எங்களை உங்க வீட்டுக்கு விருந்துக்குக் கூப்பிடுவது அப்புறம் இருக்கட்டும். முதல் பந்தியை அருந்ததியர் தெருவில் வையுங்கள். அவங்க ஆக்கட்டும், நீங்க தண்ணி தூக்குங்க. மாட்டுக்கறி ஆக்கினா மாட்டுக்கறி தின்னுங்க. சாப்பிட்டு முடிச்சதும் எலையை நீங்களே எடுங்க.