வழிநூலும் வழியிசையும்

பழைய இசையிலிருந்து பிறக்கும் புதிய இசையைப் படைப்பு என்பதா, நகல் என்பதா? இவ்வினா இசையறிஞர்க்கு மட்டும் உரியதன்று. மாணவர் கவிதையில் முன்னோர் சாயல் தென்பட்டவுடன் தாளை ஒதுக்கிவிடும் வழக்கம் நம் ஆசிரியரிடையே உண்டு. அவ்வழக்கம் முறையானதுதானா என்பதை ஆராய்வோம்.

முதல்நூலின் பொருளோடு பெரிதும் ஒத்து, பின்னோன் விரும்பிய வேறுபாட்டையும் ஏற்று, மரபு வழுவாது நிற்பதே வழிநூல் என்பது நன்னூலார் கருத்து. கம்பன் காவியமும் வழிநூலே. எனவே ஒற்றுமை குற்றமன்று. வேறுபாடு யாது என்பதே வினா.

செருமானிய இசைமேதை யோகான் செபாஸ்தியன் பாக் (1685–1750), 1720இல் தம் கைப்பட எழுதி வைத்த தனிவயலின் தொகுதியில், ஈ மேஜரில் அமைந்த பார்ட்டிட்டா ஒன்றுண்டு. அதன் முகப்பிசையை அவரே 1731இல், லைப்சிக் நகரமன்றப் பதவியேற்புக்கான கண்டாட்டாவில் மீண்டும் எடுத்தாண்டார். வயலின் இசைத்த வரியைக் குழாய் ஆர்கனிடம் ஒப்படைத்தார். சுருதியை டி மேஜருக்கு இறக்கினார். எக்காளமும் முரசும் ஓபோவும் வில்லிசைக் கருவிகளும் சூழ அமைத்தார். தனிமையில் பேசிய இசை பேரவையில் முழங்கிற்று. தொல்காப்பியர் கூறும் விரித்தல் இதுவே.

முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுசுரப் பாடல்கள் வேறு வகையின. ‘சந்ததம் பாஹிமாம்’ ஆங்கில அரச வாழ்த்தின் மெட்டில் அமைந்தது. மெட்டு அயலது, சொல் வடமொழி. இவை இனிய முயற்சிகளே எனினும், அவருடைய பெருங்கிருதிகளின் கமகச் செழுமையை இவற்றில் எதிர்பார்த்தல் இயலாது.

அதே வயலின் முகப்பிசையை 1986இல் இளையராஜா கையாண்டார். தியாகராசருக்கும் பாக்குக்கும் அவர் காணிக்கையாக்கிய ‘ஹௌ டு நேம் இட்’ இசைத்தொகுப்பில், பாக்கைத் தம் இல்லத்தில் சந்தித்ததாகத் தலைப்பிட்ட உருப்படி அது. வி. எஸ். நரசிம்மனின் வயலினில் பாக்கின் ஓட்டம் சிதையாது செல்ல, நம் நாட்டுப் பாங்குடைய வரிகள் உடன் எழுகின்றன. விருந்தினர் பேச, இல்லத்தார் மறுமொழி பகர்வது போன்ற அமைப்பு இது. சிலவிடங்களில் மூலத்தின் விரைவுக்குமுன் புதுவரிகள் வெறும் அணியாக நின்றுவிடுவதும் உண்மை. ஆயினும் இரு குரல்களும் தத்தம் இயல்போடு கேட்கின்றன. வேறுபாடு தெளிவாக உள்ளமையால் இது படைப்பே.

பேராக்கின் இரப்பர்த் தோட்டங்களில் ஆர்மோனியப் பெட்டியை வைத்துத் திரைப்பட மெட்டில் முருகனைப் பாடினர் நம் முன்னோர். காற்றால் ஒலிக்கும் அப்பெட்டி ஆர்கனுக்கு உறவாகும். அப்பாட்டு நோட்டுசுரத்துக்கு உறவாகும். அவர்களை எவரும் நகலர் என்று இகழ்ந்ததில்லை. கோலாலம்பூரில் 1998இல் திறக்கப்பெற்ற பெட்ரோனாஸ் பில்ஹார்மோனிக் அரங்கில் குழாய் ஆர்கன் உண்டு. ஈப்போ மாணவரை ஒருமுறை அழைத்துச் சென்று அதனைக் கேட்பித்தல் நன்று.

ஆதலின், மாணவன் தாளில் பாரதியின் சாயலைக் கண்டால் சிவப்பு மையால் அடித்துவிடாதீர். “மூலம் எது? நீ சேர்த்தது எது?” என்று வினவுக. இரண்டாம் வினாவுக்கு விடை இல்லையேல் அது நகல். ஒரு வரியேனும் அவனுடையதாக இருப்பின், அவ்வரிக்கு மதிப்பெண் வழங்குக.