கடலுக்குப் போனால் சரியாகிவிடுமா?

பாயல் கபாடியாவின் 'ஆல் வி இமேஜின் ஏஸ் லைட்' (2024) படத்தை இரண்டு முறை பார்த்தேன். முதல்முறை தனியாக, பிரமிப்போடு. இரண்டாம் முறை செல்லிப்பட்டு வீட்டில், நைட் டூட்டி முடித்து, பகலில் தூங்கி எழுந்த அக்காவோடு. அக்கா தனியார் மருத்துவமனை ஒன்றில் பதினான்கு வருடமாக நர்ஸ். கான் விழாவில் கிராண்ட் பிரி வாங்கிய படம் என்று நான் சொன்னது அவளிடம் எடுபடவில்லை. பாதியில் கேட்டாள்: "இவங்க எப்படா வேல செய்யறாங்க?"

முழுக்க மருத்துவமனைக்குள் நடக்கும் ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) படத்தில் தியாகம் டாக்டருடையது. கபாடியா நர்ஸை மையத்துக்குக் கொண்டுவருகிறார். பிரபாவின் கணவன் ஜெர்மனியில் இருக்கிறான், பேச்சு நின்றுவிட்டது. அங்கிருந்து வந்த ரைஸ் குக்கரை அவள் இரவில் கட்டிக்கொள்ளும் காட்சியை மறக்க முடியாது. ஆனாலும் அக்காவின் கேள்வி நியாயமானது. ஒரு நர்ஸுக்கு எத்தனை பெட், டூட்டி மாற்றும்போது எதையாவது சொல்ல மறந்துவிடுவோமோ என்ற பயம், நோயாளியின் உறவினர் போடும் சத்தம் இவையெல்லாம் படத்தில் ஓரத்தில்கூட அழுத்தமாக இல்லை. உடம்பின் அலுப்பை மனசின் தனிமையாகப் படம் மாற்றிக்கொள்கிறது. அதனால்தான் ரத்னகிரிக் கடற்கரையில் அதற்கு ஒரு விடிவும் கிடைத்துவிடுகிறது.

"பாண்டியில எனக்கும்தான் கடல் இருக்கு" என்றாள் அக்கா.

1950களின் இறுதியில் இசபெல் மென்சீஸ் லண்டனின் போதனா மருத்துவமனை ஒன்றின் நர்ஸுகளை ஆராய்ந்தார். அங்கே நோயாளிகளைப் பெயரால் அல்ல, பெட் எண்ணாலும் நோயாலும் குறிப்பிட்டார்கள். வேலையைத் துண்டுதுண்டாகப் பிரித்து, எந்த நோயாளியோடும் நர்ஸ் அதிக நேரம் இருக்காதபடி வைத்திருந்தார்கள். பதற்றத்திலிருந்து தப்பிக்கும் ஏற்பாடு இது. ஆனால் பதற்றம் குறையவில்லை என்பது மென்சீஸின் முடிவு. பயிற்சிக்கு வந்தவர்களில் மூன்றில் ஒருவர் பாதியிலேயே போய்விட்டார்கள்.

அக்காவும் வீட்டில் "பன்னெண்டாம் பெட்டு" என்றுதான் சொல்வாள். வந்ததும் குளித்துவிட்டு ஒரு மணி நேரம் யாரோடும் பேசமாட்டாள். சாயங்காலம் சங்கராபரணிக் கரையில் நடந்துவிட்டு வருவாள். ஒருநாள் கரையில் நின்று ஒரு பெயரைச் சொன்னாள். முந்தின ராத்திரி இறந்துபோன பன்னிரண்டாம் பெட்டின் பெயர் அது.

படத்தின் கடைசிப் பகுதியில், கடலில் அடித்து வரப்பட்ட ஒருவனுக்கு நெஞ்சை அழுத்தி உயிர் கொடுக்கிறாள் பிரபா. பிறகு அவனைத் துடைத்துவிட்டு, அவனையே கணவனாக எண்ணிப் பேசுகிறாள். லீவில் வந்தும் டூட்டி அவளை விடவில்லை. தன் துக்கத்தைப் பேசக்கூட அவளுக்கு ஒரு நோயாளி தேவைப்படுகிறான். முதல்முறை இதை நான் காதலின் காட்சியாகப் பார்த்தேன். அக்கா அந்த இடத்தில்தான் முதன்முறையாகக் கால்களை மடக்கி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"கைய சரியாதான் வச்சி அமுக்குறா" என்றாள்.

படத்துக்கு நான் கேட்ட நல்ல விமர்சனம் அதுதான். படத்தில் இல்லாத வார்டு முழுவதும் அந்த இரண்டு கைகளில் இருக்கிறது. கபாடியா கடலுக்குப் போகாமல் அங்கேயே இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாம்.