முள்வேலிக்குள் வந்த உதவி: பேராக் காட்டும் சான்று

வறுமையே பயங்கரவாதத்தின் விளைநிலம்; ஆதலின் வளநாடுகள் வழங்கும் அயலுதவி அதனைத் தணிக்கும் என்னும் கருத்து 2001-க்குப் பின் பெரிதும் வலியுறுத்தப்பட்டது. 2002-இல் மெக்சிகோவின் மொன்டெர்ரே நகரில் நிகழ்ந்த வளர்ச்சி நிதி மாநாட்டில் அமெரிக்க அதிபர் புஷ்ஷும் இவ்வாறே பேசினார். இக்கருத்திற்குச் சான்றாக அறிஞர் பலர் மலாயாவின் அவசரகாலத்தை எடுத்துக்காட்டுவர். அது பேராக் மண்ணில் தொடங்கியதாகலின், அச்சான்றின் வலிமையை நாம் ஈண்டுச் சீர்தூக்கிக் காண்போம்.

1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் ஐரோப்பியத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். இரண்டே நாளில் அவசரகாலம் நாடு முழுமைக்கும் விரிந்தது. 1950-இல் வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டத்தின்படி ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்கள், பெரும்பாலும் சீனர், புதுக்கிராமங்களில் குடியமர்த்தப்பட்டனர். முள்வேலியும் ஊரடங்கும் அரிசிக் கட்டுப்பாடும் ஒருபுறம். பள்ளியும் மருந்தகமும் குடிநீரும் நிலவுரிமையும் மறுபுறம்.

தோட்டத் தமிழர் நிலையோ வேறு. அவர்தம் லயங்களும் ஒருங்கே திரட்டப்பட்டு வேலியிடப்பட்டன. ஆயின் அந்நிலம் தோட்ட நிறுவனத்திற்கே உரியது. வேலை போயின் வீடும் போகும். கூலியுயர்வுக்குப் போராடிய தொழிற்சங்கங்களும் ஒடுக்கப்பட்டன. மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி, துப்பாக்கி வைத்திருந்தார் என்னும் குற்றச்சாட்டின்பேரில் 1949 மே 4-இல் தூக்கிலிடப்பட்டார். கொரியப் போரால் உயர்ந்த ரப்பர் விலை தந்த வரியே அவசரகாலச் செலவில் பெரும்பங்கைத் தாங்கியது என்பதும் கருதத்தக்கது. பால்வெட்டுத் தொழிலாளியின் உழைப்பில் விளைந்த பணம் அவருக்கு வேலியாக மட்டுமே திரும்பியது. இதனை அயலுதவி என்பது எங்ஙனம் பொருந்தும்?

மலாயாவில் பணியாற்றிய ராபர்ட் தாம்சன் 1961 முதல் சைகோனில் பிரிட்டிஷ் ஆலோசனைக் குழுவிற்குத் தலைமையேற்றார். 1962-இல் அமெரிக்க உதவியுடன் தென்வியட்நாமில் அரண்சூழ்ந்த சிற்றூர்கள் எழுந்தன. உழவர் தம் பழைய நிலத்தினின்று பெயர்க்கப்பட்டனர். 1963 நவம்பர் ஆட்சிக் கவிழ்ப்பிற்குப் பின் அத்திட்டம் சிதைந்தது. பணமும் வேலியும் அங்கும் இருந்தன. மக்கள் தமதெனப் போற்றும் உரிமை இருந்ததில்லை.

எனவே, உதவி பயங்கரவாதத்தைத் தணிக்கும் என்னும் கூற்றை அளவறிந்தே ஏற்றல் வேண்டும். போரை முன்னிட்டு வழங்கப்படும் உதவி, தேவை மிக்கோரை நோக்கிச் செல்வதன்று. அச்சம் விளைப்போரை நோக்கியே செல்கிறது. அச்சம் விளைக்காத ஏழை அதன் கணக்கில் இடம்பெறுவதில்லை. அவசரகாலம் முடிந்த 1960-ஆம் ஆண்டிலேயே, சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். தொழிலாளர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணமே தோட்டங்களை வாங்கியது. எவரும் அளிக்காத நிலவுரிமையைத் தாமே தேடிய முயற்சி அது.

இன்று ஈப்போவைச் சூழ்ந்த பழைய ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. அவசரகால வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியர், எத்தனை பேர் பாதுகாக்கப்பட்டனர் என்பதோடு, நிலம் யார் பெயரில் எழுதப்பட்டது என்னும் வினாவையும் மாணவர்முன் வைத்தல் வேண்டும் என்பதே நம் துணிபு.